பதினோரு படங்களில் இல்லாத முடுக்கு

அனுப்புநர்:
உம்மு ஹபீபா, வயது 41,
காலஞ்சென்ற தோணி மாலுமி சுஐபு அவர்களின் மனைவி,
17, மேலப்பள்ளித் தெரு, கொடிமரப்பட்டணம்,
இராமநாதபுரம் தாலுகா.

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
இராமநாதபுரம் ஜில்லா,
மதுரை.

பொருள்: கொடிமரப்பட்டணத்தில் பெண்கள் நடந்துவரும் முடுக்கைச் சுவர் வைத்து அடைக்க 19-1-1959 அன்று வேலை தொடங்கவிருப்பதை நிறுத்தக் கோருவது.

பார்வை: பஞ்சாயத்து போர்டின் நகர அபிவிருத்தி அறிவிப்பு, தேதி 5-12-1958.

மதிப்பிற்குரிய ஐயா,

கலெக்டர் அவர்களுக்கு ஸலாம். எங்கள் ஊரில் மனு எழுதுகிறவர் கடைத்தெருவில், இந்த மனுவில் வரும் கடையின் வாசலிலேயே உட்காருகிறார். அவரிடம் சொன்னால் அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே நான் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில், எழுதிவைத்ததை என் மகள் நஸீரா தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறாள். எழுத்து அவளுடையது, பொறுப்பு என்னுடையது.

1. எங்கள் ஊரில் 1948-ம் வருஷம் காலஞ்சென்ற சீனி முகம்மது அவர்கள் ‘சிலோன் ஹால்’ என்னும் பெரிய கடையைத் திறந்தார்கள். துணி, அலுமினியப் பாத்திரம், சோப்பு, பிஸ்கட், கைக்கடிகாரம், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் தனித்தனிப் பகுதியாக ஒரே கடையில் கிடைக்கும். வாலிநோக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கல்யாணச் சாமான் எடுத்துப் போவார்கள். ஆண்களுக்குக் கடைத்தெருப் பக்கம் வாசல். பெண்களுக்குப் பின்பக்கம் தனி வாசலும் தனிக் கூடமும் உண்டு. அந்தக் கூடத்தில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையை ஒன்பது வருஷம் நான் பார்த்தேன். முதல் ஆட்சேபணை கொடுத்த மறுநாள் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பற்றி இந்த மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

2. அந்தப் பின்வாசல் திறப்பது பெண்கள் முடுக்கில். இரண்டு பக்கமும் ஜன்னல் இல்லாத வீட்டுச் சுவர்கள், நடுவே நாலரை அடி அகலச் சந்து. மேலப்பள்ளித் தெருவில் தொடங்கி, நல்ல தண்ணீர்க் கிணற்றையும் கடையின் பின்வாசலையும் தொட்டு, பெண்கள் பாடசாலையில் முடிகிறது. இதில் ஆண்கள் வருவதில்லை. அவசரமாக வரவேண்டியிருந்தால் முனையில் நின்று இருமி, உள்ளே பதில் குரல் வந்து, நாங்கள் ஒதுங்கிய பிறகுதான் வருவார்கள். அதனால் முடுக்குக்குள் நாங்கள் முகம் மூடுவதில்லை. முடுக்கு இருந்ததால்தான் சீனி முகம்மது அவர்கள் அங்கே வாசல் வைத்தார்கள். சுவரைப் பார்த்து யாரும் வாசல் வைக்கமாட்டார்கள்.

3. கடை திறந்த நாளன்று வருஷந்தோறும் தங்கச்சிமடத்துப் போட்டோக்காரர் சவேரியார் அவர்களை வரவழைத்துக் கடையையும் கடைத்தெருவையும் படம் எடுப்பது வழக்கம். ஒரு பிரதி கடை ஆல்பத்துக்கு, ஒரு பிரதி பஞ்சாயத்து போர்டுக்கு. போன வருஷத்தோடு பதினோரு படங்கள் சேர்ந்துவிட்டன. முதல் படத்தில் மணல் தெருவும் ஒற்றை வண்டியும். பிறகு தார் ரோடு, மின்சாரக் கம்பம், பஸ் நிற்கும் இடம், கடைக்கு மாடி. ஊர் வளர்ந்ததற்கு இவற்றைவிட நல்ல ரிக்கார்டு இல்லை என்று போர்டார் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். எனக்கும் அந்தப் படங்கள் மேல் பெருமைதான். ஆனால் பதினொன்றும் முன்பக்கம் எடுத்தவை.

4. பெரியவர் மறைந்த பிறகு மகன் முகம்மது கனி அவர்கள் கடையைப் பின்பக்கம் மூன்று மாடியாக நீட்டிக் கட்ட உத்தரவு வாங்கியிருக்கிறார். கடை பெரிதாவதில் எனக்குப் பொறாமை கிடையாது. ஆனால் முடுக்கு தன் கடையின் கொல்லைப்புறம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். போர்டாரும் ஆமாம் போட்டுவிட்டார்கள். 22-12-1958 அன்று இரு முனையிலும் ஓலைப்படல் வைத்தாகிவிட்டது.

5. 3-1-1959 அன்று போர்டு ஆபீசில் ஆட்சேபணை விசாரணை நடந்தது. நானும் அண்டைவீட்டு ஹமீதா பானு அவர்களும் வராந்தாவில் திரைக்குப் பின்னால் நின்றோம். சர்வே படத்தில் முடுக்கு இல்லை, வேறு அத்தாட்சி உண்டா என்று தலைவர் கேட்டார். ஊரிலுள்ள பெண்கள் எல்லோரும் அத்தாட்சி என்றேன். உள்ளே சிரித்தார்கள். அப்போது கனி அவர்கள் திரைப்பக்கம் வந்து மரியாதையாகத்தான் சொன்னார்: “மாமி, முடுக்கு இருந்தா படத்துல இருக்கணும்ல? பதினோரு வருஷப் படம் மாட்டியிருக்கு. ஒண்ணுலயாச்சும் காட்டுங்க, நானே படலைப் பிரிச்சுடுறேன்.”

இதைச் சொன்னவர் சிறுவயதில் பின்வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் முடுக்கிலிருக்கும் தாயாரைக் கூப்பிடுவார். எனக்குக் கோபம் வருகிறது ஐயா. கோபத்தை மனுவில் எழுதலாமா என்று மகள் கேட்டாள். எழுது என்றேன்.

6. படத்தில் ஏன் இல்லை என்பதற்குச் சவேரியார் அவர்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை இணைத்திருக்கிறேன். என்னிடம் அவர் சொன்னது இது: “பெரியவரு பின்பக்கமும் ஒண்ணு எடுக்கச் சொன்னாருங்கம்மா. காமிராவத் தூக்கிக்கிட்டு முனை வரைக்கும் போனேன். உள்ள பொம்பளைங்க பேச்சுச் சத்தம். திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் அங்கன போகவே இல்ல.” சர்வேக்காரர்களும் அப்படியே. சங்கிலி பிடிக்கிறவர் முனையோடு நின்றுகொண்டார், நடுவிலுள்ளதை உத்தேசமாக வரைந்துகொண்டு போய்விட்டார்கள். அவர்கள் எல்லோரும் எங்களுக்கு மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையை வைத்தே இன்று முடுக்கு இல்லை என்கிறார்கள்.

7. பாடசாலையில் முப்பத்துநான்கு பெண்பிள்ளைகள் படித்தார்கள். படல் வைத்த பிறகு ஒன்பது பேர்தான் போகிறார்கள், அதுவும் படலைத் தூக்கிக் குனிந்து நுழைந்து. என் மகள் அவர்களில் ஒருத்தி. வருகிற மார்ச்சில் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டியவள். எங்கள் தெருவிலிருந்து அந்தப் பரீட்சைக்கு இதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. சுவர் எழுந்தால் பஸ் நிற்கும் இடத்தையும் டீக்கடைகளையும் தாண்டித்தான் போகவேண்டும். அப்படிப் போவதானால் படிப்பு போதும் என்று என் கணவரின் அண்ணன், அவளுடைய பெரியத்தா, சொல்லிவிட்டார். தகப்பன் இல்லாத பிள்ளை, அவர் பேச்சுக்கு மேல் என் பேச்சு வீட்டில் செல்லாது. காலம் மாறிவிட்டது, கடைத்தெரு வழியாகப் போகட்டுமே என்று போர்டு மெம்பர் ஒருவர் சொன்னார். அவர் தம் மகளை எந்த வழியாகவும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதில்லை.

8. ஐயா, முடுக்கின் படம் ஒன்று இருக்கிறது. 1953-ம் வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், கொழும்பிலிருந்து வந்த பெட்டிக் காமிராவால், கடையின் பின்வாசலில் நின்று எடுத்தது. எடுத்தவர் சீனி முகம்மது அவர்களின் மனைவி சல்மா அவர்கள், அதாவது கனி அவர்களைப் பெற்றவர். அவரும் இப்போது இல்லை. வாசல் நிலை, கிணற்றுச் சுவர், தூரத்தில் பாடசாலைக் கதவு எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. அன்று பெண்கள் கூடத்தில் இருந்த எட்டுப் பெண்கள் முகம் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சவேரியார் அவர்கள் பிலிமைத் தம் மனைவியைக் கொண்டே கழுவி, உறையை ஒட்டியே கொடுத்தார்கள். சல்மா அவர்கள் என்னிடம் கொடுத்துவைத்ததால் இத்தனை வருஷமும் அது என் பெட்டியில் இருந்தது.

9. விசாரணை அன்றே இதைக் கொடுத்திருக்கலாமே என்று கலெக்டர் அவர்கள் கேட்கலாம். தாக்கல் செய்கிற அத்தாட்சி எதுவானாலும் பதினைந்து நாள் போர்டு வராந்தாவில் ஒட்டப்பட்டு எல்லோரும் பார்க்கவேண்டும் என்பது விதி. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவது அந்த வராந்தாவில்தான். எங்கள் முடுக்கைக் காப்பாற்ற எங்கள் முகத்தை அங்கே ஒட்டவேண்டும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

10. படத்திலுள்ள மற்ற ஏழு பேரில் இருவர் மௌத்தாகிவிட்டார்கள். ஒருவர் கொழும்பில் இருக்கிறார். மீதி நாலு பேர் வீட்டுக்கும் நான் போனேன். ஒருவர் அழுதார். ஒருவர் கணவர் அனுமதிக்கமாட்டார் என்றார். மற்ற இருவரும் பேச்சை மாற்றி, காப்பி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இறந்தவர்களிடமும் கொழும்பில் இருப்பவரிடமும் கேட்க முடியாது. கேட்காமல் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

முகங்களை மறைத்துக் கொடுத்தால் ஏற்பீர்களா என்று போர்டு குமாஸ்தாவிடம் ஹமீதா பானு அவர்களின் மகன் மூலம் கேட்டுப் பார்த்தேன். எல்லா முகமும் மறைந்திருந்தால் யார் படம், எந்த ஊர்ப் படம் என்று எப்படி நம்புவது, ஒருவராவது இன்னார் என்று அடையாளம் தெரியவேண்டும் என்று பதில் வந்தது.

11. ஆகவே ஏழு முகங்களை நஸீராவின் பேனா மையால் மூடியிருக்கிறேன். எட்டாவது முகத்தை மூடவில்லை. அது என்னுடையது. என் தகப்பனார், என் கணவர், கூடப்பிறந்தவர்கள் தவிர இந்த முகத்தைப் பார்க்கும் முதல் ஆண் கலெக்டர் அவர்கள்தான்.

19-ந் தேதிக்குள் கலெக்டர் அவர்கள் வரவேண்டும், அல்லது நம்பகமான ஓர் அதிகாரியை அனுப்பவேண்டும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடுக்கில் நடந்து பார்க்கட்டும். நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம், யாரும் இருமத் தேவையில்லை. அதுவரை சுவர் வேலையை நிறுத்தி உத்தரவிடவேண்டும். படம் வராந்தாவில் ஒட்டப்படாமல் கலெக்டர் அவர்களின் கோப்பிலேயே இருக்கவேண்டும் என்பது என் ஆசை. விதிப்படி ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒட்டட்டும். யோசித்துத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் போகும் வழி திறந்திருக்கவேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
உம்மு ஹபீபா
(அரபுத்தமிழில் கையொப்பம்)

இடம்: கொடிமரப்பட்டணம்
தேதி: 12-1-1959

இணைப்பு:
1. போட்டோக்காரர் சவேரியார் வாக்குமூலம்.
2. முடுக்கின் புகைப்படம் ஒன்று. இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் மனுதாரர்.