பவுண்டு வாசலில் ஊர் மாடுகள்

வேப்பம்பட்டு,
4-10-1937

அன்புத் தம்பி எத்திராஜுக்கு,

அக்கா பூங்காவனம் ஆசியுடன் எழுதுவது. நாங்கள் நலம், உன் அத்தானுக்குத்தான் இன்னும் கோபம் தணியவில்லை. பயிரில் இறங்கும் மாடுகளை அடைக்கிற பவுண்டைக் குத்தகை எடுத்த வீராசாமி, ஏரிக்கரையில் சும்மா மேயும் மாடுகளையும் பிடித்து அடைத்து, ரசீதில்லாமல் காசு பிடுங்குகிறான். ஊர் மாடுகளையெல்லாம் ஒரே நாளில் அவன் வாசலில் நிறுத்தி, "எல்லாத்தையும் அடை, ரசீது குடு, தீனி போடு" என்று கேட்கப்போவதாக உனக்கு முன்பே எழுதியிருந்தேனே, அப்படியே புறப்பட்டோம். பாதி வழியில் போலீஸ் நின்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

மாடு மேய்க்கும் வேம்புலி மேல் பழி. "என் புள்ளைங்க மேல சத்தியமா நான் சொல்லலம்மா" என்று அழுகிறார். இப்போது அவரிடம் யாரும் மாடு விடுவதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அக்கா,
பூங்காவனம்

பூந்தமல்லி,
9-10-1937

அக்காவுக்குக் கும்பிட்டு எழுதுவது.

ஆபீஸில் வேலை ஓயவில்லை. ஓட்டல் சாப்பாடு நாக்கைக் கெடுத்துவிட்டது. வேம்புலியை நம்பாதே, கள்ளுக் காசுக்கு அவன் எதையும் சொல்வான். வீராசாமி மாமாவும் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கெட்டவரில்லை. சந்தையில் பார்த்தபோது தம் மகள் தாட்சாயிணியைப் பற்றி என்னிடம் பேச்செடுத்தார். மறுபடி போவதானால் எந்தக் கிழமை என்று எழுது. லீவு போட்டு வந்து கூட நிற்கிறேன்.

தம்பி,
எத்திராஜ்

வேப்பம்பட்டு,
16-10-1937

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீராசாமி எப்போது உனக்கு மாமாவானான்? கேலிக்குத்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பெண் லட்சணமானவள்தான்.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் போகிறோம். யாரிடமும் மூச்சு விடாதே.

அக்கா

பூந்தமல்லி,
19-10-1937

அக்காவுக்கு,

லீவு கிடைக்கவில்லை. மனசெல்லாம் அங்கேதான். தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன். உனக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

எத்திராஜ்

வேப்பம்பட்டு,
26-10-1937

எத்திராஜுக்கு,

வெள்ளிக்கிழமை நாங்கள் யாரும் போகவில்லை. புல்லறுக்கிற சாக்கில் நான் மட்டும் ஏரிக்கரையில் நின்றேன். யாரும் வரக்கூடாது தாயே என்று வேண்டிக்கொண்டே நின்றேன். போலீஸ் வந்தது.

வெள்ளிக்கிழமை என்பது நான் உனக்கு மட்டும் எழுதிய பொய். உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது. வயிறு எரிகிறதடா.

அன்றைக்கே ஊரைக் கூட்டி, காட்டிக்கொடுத்தது என் தம்பி என்று சொல்லிவிட்டேன். நேற்று வேம்புலி முன்னால் நடக்க, அத்தனை மாடுகளையும் ஓட்டிப்போனோம். எருமைகள் கத்திய கத்தலில் ரயிலில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் வீராசாமி கும்பிட்டுவிட்டான். "இத்தினி மாட்டுக்குத் தீனிக்கு நான் எங்க போவேன்? இட்டுக்கினு போங்கம்மா" என்றான். இனி ரசீதில்லாமல் காசு வாங்குவதில்லை என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டான்.

தீபாவளிக்கு வராதே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வா. ஆனால் முதலில் சேரிக்குப் போய், வேம்புலி வாசலில் நின்று நீ செய்ததைச் சொல். அவர் உன்னை உள்ளே கூப்பிட்டால், அதன்பிறகு என் வீட்டுக்கு வா.

பூங்காவனம்