மணல் மூட்டை உட்கார்ந்த இருக்கை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நலம். அந்தத் தூர ஊரில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் கொட்டகையில் கட்டிய நம் குட்டி விமானத்தை விலைக்குக் கேட்டவர் சனிக்கிழமை வருகிறாராம். விற்றுவிடு, நடுவானில் இன்ஜின் நின்று வயலில் இறங்கிய அன்றே என் கைமேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அதன் தகடுகளில் ரிவெட் ஆணி அடித்த சத்தத்தில்தான் நம் மகள் தூங்கவே பழகினாள். கொடுப்பதானாலும் ஓடுகிற நிலையில் கொடுப்போம் என்று, வெல்டர் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொண்டு நேற்று மத்தியானம் இன்ஜினைக் கிளப்பினேன்.

கொட்டகை வாசலுக்கு உருட்டி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வாலைத் தூணோடு கட்டிவிட்டு, நான் உள்ளே ஏறி உங்கள் இருக்கையில் உட்கார்ந்தேன். மூக்கிலுள்ள விசிறி சுழன்றதும் அந்த வட்டத்துக்குள் வானம் பாலாடைபோல் நடுங்கியது. புல்லெல்லாம் பின்னால் ஓடுவதாகத் தோன்றியது. எனக்குக் கண் சொக்கிவிட்டது. கொட்டகையும் வீடும் எங்கோ கீழே சின்னதாகக் கிடக்க, நான் பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறோம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் இன்ஜின் இருமியது. மறுபடி இருமி, நின்றேவிட்டது. அன்று வானத்தில் உங்களுக்கு நின்ற மாதிரியே. நானாவது தரையில் இருந்தேன். மேலே தனியாக என்ன பாடுபட்டிருப்பீர்கள் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு கோபத்தோடு இறங்கிப் பெட்ரோல் டாங்க் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மூடியைத் திறந்து வைத்தால் இன்ஜின் சமர்த்தாக ஓடுகிறது, மூடினால் கொஞ்ச நேரத்தில் நிற்கிறது. டாங்குக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்குமாம்; அந்தக் காற்றுக் குழாயைத் தம்பி கழற்றிக் கம்பியால் குடைந்தார். காய்ந்த மண் உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருக்கிறது!

"மூச்சு முட்டித்தான் நின்னிருக்கு அண்ணி. அண்ணன் கைல ஒரு தப்பும் இல்ல" என்றார்.

அன்று வயலில் இறங்கியபின் நீங்களும் மூடியைத் திறந்து பார்த்தீர்கள், இன்ஜின் உடனே கிளம்பியது. அதனால்தான் இன்ஜினில் குறையில்லை என்று பழியை உங்கள் கைமேல் போட்டுக்கொண்டீர்கள். அதற்கப்புறம் கொட்டகையில் எத்தனை முறை ஓட்டியும் ஏன் நிற்கவில்லை? பற்பசையோ பவுடர் டப்பாவோ, எதையாவது மூடி வைத்திருக்கிறீர்களா நீங்கள்? குச்சி விட்டுப் பெட்ரோல் அளவு பார்க்க வசதியென்று டாங்கையும் திறந்து போட்டே ஓட்டினீர்கள். நான் பழக்க தோஷத்தில் மூடிவிட்டு ஏறினேன். இனிமேல் உங்களைத் திட்டுவதா, விடுவதா என்று தெரியவில்லை.

குழாய் வாயில் கம்பி வலை கட்டியாயிற்று. மூடி போட்டுச் சாயங்காலம் வரை ஓட்டினோம், ஓர் இருமல் இல்லை.

வருகிறவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். பத்திரம் என்று தெரிந்தபின் உன்னை ஏற்றுகிறேன் என்று சொல்லி, என் எடைக்கு நிறுத்துப் பக்கத்து இருக்கையில் கட்டிவைத்துப் பறந்தீர்களே, அந்த மணல் மூட்டையை இறக்கிவிட்டேன். இருக்கையைத் துடைத்தும் வைத்திருக்கிறேன். எனக்குப் பயமில்லை. சனிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

உங்கள் கையை நம்புகிற,
உங்கள் மனைவி