வாரம் ஒரு படம், எனக்கு

டிச. 31, புதன்

காலையில் சரியான பனி. பெருமாநல்லூர் ரோட்டில் எதிரே வர்ற வண்டியே தெரியலை. பனியன் பிரிண்டிங் பட்டறையில் கேக் வெட்டு. முதலாளி ஆளுக்கொரு டைரி குடுத்தார். அதுல முதல் எழுத்து இது.

புது வருசத்துக்கு:
– வாரம் ஒரு படம். எனக்கு. பையருக்கு இல்ல.
– நல்ல பேப்பர், பெயிண்ட். பாப்பாவோட ஸ்கூல் கலரைத் திருடக் கூடாது.
– வரையறப்ப போன் பீரோவுக்குள்ள.

வூட்டுக்காரர் எட்டிப் பாத்துட்டு, "போன வருசமும் இதையேதான எழுதுனே அம்மிணி?" வேற எதுவும் ஞாபகம் இருக்காது இந்த மனுசனுக்கு, இது மட்டும் இருக்கும்.

பொழுதன்னிக்கும் வரையறதுதான் பொழப்பு. வெளிநாட்டுக் குழந்தைங்க பனியனுக்குக் கரடி, டைனோசர், கண்ணடிக்கிற பூனை. ஆர்டர் குடுக்கற பையர் கேக்கற கலர், பையர் கேக்கற சிரிப்பு. எனக்குன்னு வரைஞ்சது கல்யாணத்துக்கு முந்தி. இந்த வருசமும் விட்டா அவ்ளோதான், கை மறந்துரும். பயமா இருக்கு.

ஜன. 4, ஞாயிறு

நல்ல வெயில். மொட்டை மாடியில் சபிதா துணி காயப்போட்டுட்டிருந்தா. பக்கத்து வீட்டு ஒடிசாப் பொண்ணு, பனியன் கம்பெனி டைலர். ஞாயித்துக்கிழமைதான் அவளுக்குத் தலைக்குக் குளியல். முடியை விரிச்சு விட்டு, வாயில் கிளிப்பைக் கடிச்சுக்கிட்டு. "அப்படியே நில்லு சபிதா"ன்னேன்.

வரைஞ்சு முடிச்சுட்டுப் பாத்தா, சீ! சுத்திக் கறுப்புக் கோடு. மொத்தமே மூணு கலர். கலர் கூடினா அச்சடிக்கிற ஸ்க்ரீன் கூடும், செலவு கூடும்னு கையே கணக்குப் போட்டிருக்கு. போதாக்குறைக்கு நாலு மூலையிலும் கூட்டல் குறி! ஸ்க்ரீன் நகராம உக்கார பட்டறையில் போடறது. எப்பப் போட்டேன்?

பாப்பா: "அம்மா, இது எந்த ஆர்டருக்கு?"

கேட்டுட்டுப் பாப்பா சிரிச்சா. எனக்கு அழுகை வந்துருச்சு. கிழிச்சுப் போட்டேன்.

ஜன. 7, புதன்

லீவு போட்டேன். தலைவலின்னு பொய். மறுபடி சபிதாதான், ஞாபகத்துல இருந்து. பென்சிலே தொடலை, நேரா பிரஷ். முடியில் நீலம், கழுத்தில் பச்சை, எத்தனை கலர்னு எண்ணலை. சாப்பாடு மறந்துருச்சு. பருப்பு அடிப்பிடிச்சுது. பரவால்ல.

சாயங்காலம் சபிதா வந்து பாத்தா. குனிஞ்சு கிட்டப் பாத்தா. அப்புறம், "அக்கா, நானா?"

ஜன. 9, வெள்ளி

பாப்பா என் போனில் படத்தை ஸ்டேட்டஸ் வெச்சுட்டா. முதலாளி பாத்துட்டார்.

"ஏனுங்க அம்மிணி, இத்தன நாளா இதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? லேடீஸ் சம்மர் ஆர்டருக்குப் பையர் இந்த மாதிரிதான் கேக்கறாங்க. நாலு கலருக்கு இறக்கிக் குடுத்துருங்க. அந்த மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதா பண்ணிருங்க."

பொய் எதுக்கு, சந்தோசமாத்தான் இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் கால் தரையில் இல்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து மூக்கைக் கொஞ்சம் குறைச்சேன். இன்னும் கொஞ்சம். அழகாத்தான் இருந்தா. ஆனா சபிதா இல்லை, யாரோ.

ஜன. 11, ஞாயிறு

சபிதாகிட்ட சொன்னேன். கை தட்டிச் சிரிச்சா. "என் மூஞ்சி பனியன்லயா? எங்க கம்பெனிக்கே தைக்க வந்தா நானே தைப்பேன் அக்கா!" மூக்கைப் பத்திச் சொன்னதும் சிரிப்பு நின்னு போச்சு. விரலால் மூக்கைத் தொட்டுக்கிட்டா. "இது அம்மா மூக்கு அக்கா."

அவ்வளவுதான் சொன்னா. வேண்டாம்னு கூடச் சொல்லலை.

வூட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். "முதலாளியப் பகைச்சுக்காத. ஒரு மூக்குதான?" டிவி சத்தத்தைக் கூட்டிட்டார்.

ஜன. 12, திங்கள்

மேகமூட்டம். பட்டறைக்குள்ள மை வாடை ஜாஸ்தி.

முதலாளி ரூம். கதவைத் தட்டிட்டு உள்ள போனேன்.

"முடிச்சுட்டீங்களா?"

"இல்லீங்க. அதத் தர முடியாதுங்க."

"ஏனுங்க? காசு சேத்திப் போட்டுத் தரனுங்க."

"காசுக்கு இல்லீங்க. வேற எத்தன வேணா வரைஞ்சு தர்றனுங்க. அது என் படமுங்க."

சொல்லிட்டு எனக்கே திக்னு ஆயிருச்சு. இந்தப் பட்டறையில் எத்தனை வருசமா வரையறேன். 'என் படம்'னு ஒரு நாளும் வாயில் வந்ததில்லை.

அவர் என் மூஞ்சியவே பாத்தார். வேலை போச்சுன்னே நெனச்சேன்.

"சரி போங்க. குழந்தைங்க ஆர்டருக்கு அந்தக் கரடி எங்க?"