ஏழாம் நம்பர் மலைக்கு மேலே காடுதான்

ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. மாட்டுக்குப் புல் அறுக்க ஏழாம் நம்பர் மலைக்கு மேலே போனவன் வழுக்கி விழுந்தேன். விழுந்தது பெரிதல்ல. நான் ஒரு பக்கம், இடுப்புச் சாரம் ஒரு பக்கம். எதிரே கம்பும் டேப்புமாக மூன்று பேர். கொழும்பு ஆட்கள். அதில் பெரியவர், சர்வேயர், என்னைத் தூக்கி நிறுத்தினார். சாரத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஐம்பத்துமூன்று வயதில் கிடைத்த மரியாதை.

டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். மத்தியானம் வரை பிடித்தேன். பிளேன்டீ, பனிஸ். சிங்களத்தில் கேட்டார், இந்தச் சரிவெல்லாம் யாருடையது என்று. "யாருதும் இல்லங்க மாத்தயா, சும்மா காடு" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். சொன்னபோது முழங்கால் அளவு மரவள்ளிக்குள் நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

பழகின வாய். தேயிலைத் தோட்டத்து நிலத்தில் நாங்கள் நட்டதாகத் தெரிந்தால் பிடுங்கிப் போடுவார்கள். தொரை கேட்டால் காடு, வாட்சர் கேட்டால் காடு. லயத்து வீடுகளில் எல்லோருக்கும் இந்தப் பாடம் மனப்பாடம்.

வீட்டில், "சர்வேயருக்கு இன்னைக்கி நாந்தான் அசிஸ்டன்ட்" என்று மட்டும் சொன்னேன். சாரம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 27, திங்கள்

வெயில். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நோட்டீஸ். மகள் கௌசி, முன்பள்ளி டீச்சர், எல்லோருக்கும் வாசித்துச் சொன்னாள். ஏழாம் நம்பருக்கு மேலே 'பயன்படுத்தப்படாத நிலம்'. ஒரு கம்பெனி எடுக்கிறது. கிளிரிசீடியா மரம் நட்டு, வெட்டி, தொழிற்சாலை பொய்லருக்கு எண்ணெய்க்குப் பதிலாக விறகு. புகை குறையுமாம், நாட்டுக்கு நல்லதாம். இருக்கட்டும். மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, எங்கள் மிளகுக் கொடி ஏறுவதே அதில்தான். ஆனால் முப்பத்தொரு வீட்டுக் கறிகாய் அந்தச் சரிவில் இருக்கிறது. மாட்டுப் புல்லும்.

கௌசி: "பயன்படுத்தாத நெலம்னு யாருப்பா இவங்களுக்குச் சொன்னது?"

"மெசின்ல பாத்திருப்பாங்க."

மனைவி பார்வதி என் முகத்தையே பார்த்தாள். "அசிஸ்டன்ட் ஐயாவுக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டேன். சாரம் உட்பட. சாரத்துக்குச் சிரித்தார்கள். மற்றதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நவம்பர் 1, சனி

கௌசி கிராம சேவகரைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனுசன். பயிர் இருக்கிறதென்றால் யார் யார், என்னென்ன என்று எழுதிக் கொண்டு வா, ஆறாம் திகதி சர்வேயரையும் கூட்டி வருகிறேன் என்றாராம்.

லயம் முழுக்க அலைந்தாள். ஒரு பேர் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாரியம்மா, கால் நிறைய மலைச் சேறு, "எனக்கு அங்க ஒண்ணுமே இல்ல டீச்சர். காடுன்னே எழுதிக்கங்க" என்றாள்.

"காடுன்னு எழுதித்தான் போகப்போகுதுக்கா."

"பேரு எழுதினா வேலையும் போகும்."

எல்லோரும் என்னைப் போலவே பேசுகிறார்கள். கேட்கச் சகிக்கவில்லை.

நவம்பர் 5, புதன், பௌர்ணமி, போயா லீவு

பெண்கள் எல்லாம் மலையில். என்னை மேலே வரவிடவில்லை. "நீங்க வந்தா திரும்பவும் காடாயிரும்" என்றாள் பார்வதி. மாட்டோடு கீழே நின்றேன். குரல்கள் மட்டும் வந்தன.

கௌசி இன்றைக்குப் பேரே கேட்கவில்லை. பாத்தி பாத்தியாக நடந்து, சத்தம் போட்டு வாசித்து எழுதினாள். எல்லாவற்றையும் குறைத்து.

"போஞ்சி, ரெண்டு வரி, வாடினது."

"யாரு சொன்னா வாடினதுன்னு? அஞ்சு வரி டீச்சர், நல்லா எண்ணுங்க!"

"யாருதுக்கா?"

"என்னுதுதான்! வேற யாருது?"

மாரியம்மா குரல்.

"வட்டக்காய், ஒண்ணு, சின்னது."

"சின்னதா? தூக்கிப் பாரு புள்ள!"

கீழே மாட்டைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். மாடு பயந்துவிட்டது. சாயங்காலம் அவள் கொப்பியில்:

போஞ்சி, இஞ்சி, மரவள்ளி, வல்லாரை
மிளகு (காய்த்தது, காய்க்காதது தனித்தனியாக)
வட்டக்காய் பத்தொன்பது
பேர் முப்பத்தொன்று

எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இப்படி ஒரு பிள்ளை. இரண்டு தரம் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மூன்றாம் தரம் "கசங்குதுப்பா" என்று பிடுங்கிக்கொண்டாள்.

நவம்பர் 6, வியாழன்

தூறல். காற்சட்டை போட்டுக்கொண்டு போனேன், பெல்ட்டும்.

கி. சேவகர், சர்வேயர், தோட்டத்து ஐயா ஒருவர். சர்வேயர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். காடு என்றாயே என்று கேட்டார். அத்தனை பேர் முன்னால், "பொய் சொன்னேன் மாத்தயா, பயத்துல" என்றேன்.

கௌசி கொப்பியை நீட்டி, தட்டாமல் தடுமாறாமல் சிங்களத்தில் விளக்கினாள். சர்வேயர் ஒரு பாத்தியில் நின்று, இது யாருடையது என்றார். தோட்டத்து ஐயா ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். இப்போது எல்லோரும் வாயை மூடினால் கொப்பி வெறும் கடதாசி.

பார்வதி கூடையை இறக்கி வைத்தாள். "மகே" என்றாள். என்னுடையது. சிங்களம் வராது என்று கடைக்கும் என்னையே அனுப்புகிறவள். அடுத்து மாரியம்மா, "மகே." அப்புறம் சரிவு முழுக்க மகே, மகே.

சர்வேயர் பழைய தாளில் ஒரு கோடு கிழித்தார். மறுபடி அளப்பார்களாம், அதுவரை ஒரு கம்பும் நட மாட்டார்களாம். அதற்குப் பிறகு என்ன ஆகுமோ, தெரியாது. ஆனால் தாளில் இப்போது காடு இல்லை.

இறங்கும்போது பார்வதி, "பயத்துல சொன்னேன்னு எல்லாருக்கும் முன்னால ஒத்துக்கிட்டீங்களே, அதுக்கும் ஒரு தைரியம் வேணும்" என்றாள். கலியாணம் கட்டி இருபத்தாறு வருஷத்தில் முதல் பாராட்டு. வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குக் காடு என்று சொன்னதில் பயம் பாதிதான், மீதி தெரியாமை. அவள் கூடையை இறக்கி வைத்த இடம்தான் எங்கள் பாத்தி என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்லவில்லை.