பைகளைக் கொட்டச் சொன்ன வகுப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை, உடம்புக்கு ஒன்றுமில்லை என்ற அளவில் வைத்துக்கொள், உன் சுகத்துக்கு நீ எழுது. தம்பி சளி குறைந்து இப்போதுதான் தூங்குகிறான், எனக்குக் கண் மூடவில்லை, அதனால் எழுந்து வந்து இதைத் தட்டுகிறேன். எல்லாம் அப்பா விஷயம்தான். போலீஸ் கமிஷனர் வேலையில் ஓய்வு பெற்றுப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் எடுக்கப் போனதும், என் கிளாஸ்ல ஒருத்தனுக்கும் தூக்கம் வராது என்று உன்னிடம் பெருமையடித்தாரே, தூக்கம் இப்போது அவருக்குத்தான் இல்லை. போன வாரம் வகுப்பில் ஒரு பையனின் போன் காணவில்லை. வேறு வாத்தியார் என்றால் நல்லாத் தேடிப் பாருப்பா என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருப்பார். இவர் கதவைச் சாத்தி, யாரும் அசையக்கூடாது என்று சொல்லி, எல்லார் பையையும் மேசைமேல் கொட்ட வைத்திருக்கிறார். கடைசி வரிசையில் வாயே திறக்காத ஒரு பெண்ணின் பையிலிருந்து மாத்திரை அட்டைகள் விழுந்தன. இது என்ன மாத்திரை என்று இவர் எல்லார் முன்னாலும் அதட்ட, மனசுக்குச் சாப்பிடுறேன் சார் என்று அவளும் பயத்தில் சொல்லிவிட்டாளாம். போன் வெளியே நிறுத்தியிருந்த அந்தப் பையனின் வண்டியிலேயே இருந்தது.

அன்றிலிருந்து அவள் விடுதி அறையை விட்டு வரவில்லை. அப்பா நேரில் போகக் கிளம்பினார், அவளுடைய அக்கா போனில், தயவுசெஞ்சு வராதீங்க சார், உங்க குரலக் கேட்டாலே நடுங்குறா என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விட்டுடுங்க சார், பசங்க மறந்துடுவாங்க என்று துறைத் தலைவர் சொன்னதற்கு, அவ மறக்கணுமே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நாளைக் காலை வகுப்பில் மன்னிப்புக் கேட்கப் போகிறார், எப்படியோ பேசி அவளை அழைத்து வர அக்காவும் சம்மதித்துவிட்டாள். சாயங்காலம் முழுக்கக் கூடத்தில் நடந்து நடந்து சொல்லிப் பார்த்தார், வருந்துகிறேன் என்பதுகூடக் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்வது மாதிரி வருகிறது, நான் சிரித்துவிட்டேன், சிரிக்காதடி, எனக்கு வேற குரல் கிடையாது என்றார். அதோடு விட்டிருந்தால் நிம்மதியாகப் படுத்திருப்பேன். அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி எழுப்பி நிறுத்தித்தான் கேட்பாராம். நேருக்கு நேர் பண்ண தப்பு, நேருக்கு நேர்தான் கேக்கணும் என்கிறார். ஐயோ, மறுபடியும் அத்தனை கண்ணும் அவ மேலதானே இருக்கும் என்றேன், நீ என்னைக்கு வாத்தியாரான என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு உன் வயசுதான்.

நீயும் தனியாக இருக்கிறாய், மனசு சரியில்லை என்றால் மறைக்காதே, மாத்திரை சாப்பிட வேண்டி வந்தாலும் சொல், நாங்கள் பயப்பட மாட்டோம், பயந்தாலும் காட்டிக்கொள்ள மாட்டோம். நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லா இருக்கணும் கண்ணு. இதைப் பார்த்ததும், அப்பா வீட்டை விட்டு இறங்குவதற்குள் அவருக்குப் போன் போடு. அங்கே படித்துக்கொண்டே வகுப்பும் எடுக்கிறவள் நீ, என்னைக்கு வாத்தியாரான என்ற கேள்வி உன்னிடம் செல்லாது. பொதுவாகக் கேளுங்கப்பா, அவ பேரைச் சொல்லாதீங்க, அவ இருக்கிற பக்கம் பார்க்காதீங்க என்று சொல். அவர் சரி என்று சொல்லும்வரை போனை வைக்காதே.

உன் அம்மா