குதிகாலுக்குப் பூசிய மருந்து

மடத்துக்குளத்தில் அம்மா வீட்டிலிருக்கும் என் மகராசிக்கு,

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். அலமாரியில் நீ வைத்திருந்த கிரீமை, சாயப்பட்டறைத் தண்ணீரில் வெடித்த என் குதிகாலுக்குப் பூசித் தீர்த்துவிட்டேன். கால் வாழைத்தண்டாகிவிட்டது, பட்டறையே வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தது! புது டியூப் வாங்க, அதனோடு நீ வைத்திருந்த உடுமலை டாக்டர் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனால், அங்கிருந்த பெண் சிரித்தாள்.

"ஏனுங்க, இது காலுக்கு இல்லீங்க. ஈஸ்ட்ரோஜன் கிரீமுங்க. மாதவிலக்கு நின்னவங்களுக்கு உள்ள வறண்டு எரியுமுங்க, அதுக்குப் பூசறது."

இரண்டு வருடமாய் நீ விலகிப் படுத்தது அதனால்தானா? நானோ, என்னைப் பிடிக்கவில்லை என்று உன்னை முறைத்துக்கொண்டு திரிந்தேன். நீ தனியாக உடுமலைக்குப் பஸ் ஏறி, டாக்டரம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாய். சாயக்கூலி கேட்டு நூறு எக்ஸ்போர்ட் முதலாளிகளை அதட்டிய எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, கண்ணு.

அந்தப் பெண் காகிதத்தில் சுற்றித் தந்தாள். "எதுக்குங்க மறைக்கோணும், எம்பட ஊட்டுக்காரி மருந்து" என்று பிரித்துப்போட்டுக் கையில் பிடித்தே நடந்தேன்.

வந்துவிடு. எரிந்தால் எரிகிறது என்று என்னிடமே சொல். முறைத்ததற்கு மன்னித்துக்கொள். இந்த வார்த்தையை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

இப்படிக்கு,
உன் ஊட்டுக்காரன்