குணமானவர் கணக்கில் என் நாத்தனார்

அனுப்புநர்:
மறைந்த ஓட்டுநர் பயிற்சி ஆசிரியையின் தம்பி மனைவி,
மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துபவர்,
பயிற்சிப் பள்ளியின் மாடி வீடு,
பேருந்து நிலையப் பின்தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொதுச் சுகாதாரத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: வயிற்றுக் கோளாறுடன் வந்த பெண்கள் பற்றிய புற்றுநோய் ஆய்வில், சினைப்பைப் புற்றுநோயால் இறந்த என் நாத்தனார் நோயற்றவராக எண்ணப்பட்டிருப்பதைத் திருத்தவும், அந்த ஆய்வைக் காட்டி ஸ்கேன் சேவையை நிறுத்தாமல் இருக்கவும் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: 1. நகர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் காத்திருப்போர் அறையில் மாட்டப்பட்டுள்ள பாராட்டுப் பலகை. 2. ஸ்கேன் சேவையை நிறுத்தும் தங்கள் துறையின் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் நான் மனு எழுதியதில்லை. எழுதும் முறையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு, சொல்ல வந்ததை மட்டும் கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவரின் மூத்த சகோதரி சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில், ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. எங்களோடுதான் வாழ்ந்தார். முறைக்கு நாத்தனார் என்றாலும் நான் அவரை அக்கா என்றே அழைத்தேன். இம்மனுவிலும் அவ்வாறே குறிப்பிட அனுமதிக்க வேண்டுகிறேன். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியை அவர் நடத்திவந்தார். பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அதன் மேலிருந்து அவர் காலை எடுத்ததே இல்லை என்பதால் மாணவிகள் அவருக்கு வைத்த பெயர் ‘பிரேக் டீச்சர்’. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் அம்மையாரும் அவரிடம் கார் ஓட்டப் படித்தவரே. அங்கே அக்காவை வேண்டாதவர் எவரும் இல்லை என்பதைத் தாங்கள் முதலிலேயே அறிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2. இறப்பதற்கு முந்தைய ஆண்டின் கோடையில் அக்காவுக்கு வயிறு உப்பத் தொடங்கியது. இரண்டு வாய் சாப்பிட்டதும் தட்டை நகர்த்திவிடுவார். அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனார். முகமும் கையும் இளைத்துக்கொண்டே வந்தன. வயிறு மட்டும் பெருத்தது. கார் இருக்கைப் பட்டையை நீட்டிப் போட வேண்டியதாயிற்று. “இந்த வயசுல எனக்கு மாசம்னு ஊரே பேசப்போகுது, நீ கொஞ்சம் சாட்சி சொல்லு” என்று என்னிடம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

3. அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அவர் நிலையத்துக்குப் போய்வந்துகொண்டே இருந்தார். பெரும்பாலும் நான் உடன் சென்றேன். முதலில் வாயு என்றார்கள். பிறகு குடல் புண். மருத்துவர் அம்மையார் விடுப்பில் இருந்தபோது வந்த மாற்று மருத்துவர் சிறுநீர்த் தொற்று என்றார். இன்னொருவர் மாதவிடாய் நிற்கும் காலத்துக் கோளாறு என்றார். ஒவ்வொரு முறையும் கணினியில் ஏதோ ஒன்று ஏறியது, மாத்திரை கிடைத்தது, மாத்திரைக்குக் கொஞ்சம் குறைந்தது, பிறகு கூடியது. முன்பு வந்ததையும் இப்போது வந்ததையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. வெளியே வரிசை வாசல்வரை நிற்கும் இடத்தில் அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதும் எனக்குப் புரிகிறது.

4. நிலையத்தில் ஒரு ஸ்கேன் கருவி உள்ளது. அதை இயக்குபவர் வாரத்தில் ஒரு நாள் வருவார். அக்கா அவரிடம் நேராகவே கேட்டார். கர்ப்பிணிகள் முடிந்து நேரம் இருந்தால் பார்க்கலாம், மருத்துவர் சீட்டும் வேண்டும் என்றார் அவர். நேரம் ஒருநாளும் மிஞ்சவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த அக்கா, “மாசமா இருந்தாத்தான் எடுப்பாங்களாம். வயிறு தயாரா இருக்கு, சொல்லிப் பாக்கட்டுமா?” என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது அவர் என் தோளில் சாய்ந்துகொண்டார். அவர் யார் மேலும் சாய்கிறவர் அல்ல.

5. கடைசியில் அவர் விழுந்தது பயிற்சிக் காரில். ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வங்கி ஊழியர். பெரிய சாலைக்கு அதுவரை வண்டியைக் கொண்டுபோகாதவர். அக்காவுக்குத் திடீரென மூச்சு வாங்கியது. அந்தப் பெண் வண்டியை ஓரம் கட்டி அழுதிருக்கிறார். “அழறத அப்புறம் வச்சுக்கலாம். கிளட்ச்ச மெதுவா விடு. லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அடிச்சுட்டுப் போகட்டும்” என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிச் சொல்லி, தன்னை அந்தப் பெண்ணே தனியார் மருத்துவமனை வாசல்வரை கொண்டுபோகும்படி செய்திருக்கிறார் அக்கா. அந்தப் பெண்தான் இதை எங்களிடம் சொன்னார்.

6. அங்கே வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் நீர் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்த மருத்துவர் எங்களை ஒரு சிறிய அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். சினைப்பையில் தொடங்கி எங்கும் பரவிவிட்டது, ஓராண்டு முன்பு வந்திருந்தால் செய்வதற்கு நிறைய இருந்தது என்றார். என் கணவர், “ஓராண்டு முன்னாடியே போனோமே சார், போயிட்டேதானே இருந்தோம்” என்றார். அக்கா அங்கே தங்க விரும்பவில்லை. வீட்டுக்கு அழைத்துவந்தோம். எடுத்த நீரின் பரிசோதனை முடிவு வருவதற்குள் அவர் போய்விட்டார். அடக்கம் செய்வதற்குச் சான்று தேவைப்பட்டது. கையில் வேறு தாள் எதுவும் இல்லாததால், நிலையத்து மருத்துவர் அம்மையார் இறப்புக்குக் காரணம் இதயச் செயலிழப்பு என்று எழுதினார். புற்றுநோய்தான் என்று உறுதிசெய்த முடிவை அடுத்த வாரம் நான்தான் போய் வாங்கி வந்தேன். அதை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

7. இவ்வளவும் எங்கள் குடும்பத்துத் துக்கம். இதற்காக நான் தங்களை நாடவில்லை. சென்ற மாதம் என் மகளின் காய்ச்சலுக்காக நிலையத்துக்குப் போனபோது சுவரில் புதிதாக ஒரு பலகையைக் கண்டேன். வயிற்றுக் கோளாறுடன் வந்த நடுவயதுப் பெண்களை ஆய்வு செய்ததில், புற்றுநோய் ஒன்றுகூடத் தவறவிடப்படாத நிலையம் என்று அதில் பொன்னிற எழுத்தில் பொறித்திருந்தது. அக்கா உட்கார்ந்து சிரித்த பெஞ்சுக்கு நேர் மேலே அதை மாட்டியிருக்கிறார்கள். நான் அதை மூன்று நான்கு முறை படித்தேன். மகளைக் காட்டாமலே வெளியே வந்துவிட்டேன். பிறகு அவள் காய்ச்சல் நினைவுக்கு வந்து திரும்பிப் போனேன்.

8. அந்த ஆய்வைச் செய்த குழுவின் புள்ளியியல் பணியாளர், வயதில் மிகவும் இளையவர், நிலையத்துக்கு வந்திருந்தபோது அவரைச் சந்தித்தேன். அவர் என்னைத் தட்டிக்கழிக்காமல் பொறுமையாக விளக்கினார். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புற்றுநோய் ஏன் தாமதமாகக் கண்டறியப்படுகிறது என்று அறிவதுதான் அவர்களது நோக்கம். குறிப்பிட்ட தொல்லைகளோடு வந்த எல்லாப் பெண்களின் விவரங்களையும், பெயருக்குப் பதில் நிலையத்துப் பதிவு எண்ணை இட்டு, ஒரே தொகுப்பாக எடுத்துக்கொண்டார்கள். பின்னர் யாருக்குப் புற்றுநோய் வந்தது என்பதைப் புற்றுநோய்ப் பதிவகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நல்ல நோக்கம், ஐயா. அக்கா இருந்திருந்தால் தானே முன்வந்து தன் விவரத்தைக் கொடுத்திருப்பார்.

9. ஆனால் பதிவகத்துக்குப் பெயர் போவது, மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை தொடங்கியவர்களுக்கு மட்டும். அக்கா சிகிச்சை தொடங்கும் நிலையில் வரவில்லை. இறப்புப் பதிவுகளை ஆய்வுக் குழு பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் அங்கே இதயம் என்றுதான் இருக்கும். என் கணவர் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகு, அந்தப் பணியாளர் அக்காவுக்கு உரிய விவரத்தைத் தேடிப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். நெடுநேரம் சுற்றி வளைத்தார். பிறகு சொன்னார்: “புற்றுநோய் இல்லைன்னு இருக்குங்க. கடைசியில ‘மீண்டும் வரவில்லை’ன்னு போட்டிருக்கு. திரும்ப வராதவங்களைக் குணமாயிட்டாங்கன்னு எடுத்துக்கறதுதான் நாங்க வச்ச விதி.” பிறகு குரலைத் தாழ்த்தி, “மன்னிச்சுடுங்கக்கா, அந்த விதிய எழுதும்போது நானும் அந்த அறையில இருந்தேன்” என்றார்.

10. குழுத் தலைவருக்கு நான் கொடுத்த பரிசோதனை முடிவு, ‘தொகுப்பு பூட்டப்பட்டுவிட்டது, இனி மாற்ற இயலாது’ என்ற ஒருவரிக் குறிப்போடு திரும்பி வந்தது.

11. அதன்பின் மருத்துவர் அம்மையாரைப் பார்க்கப் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் அந்த முடிவைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அறைக் கதவை மூடிவிட்டு, “ஒவ்வொரு தடவையும் என்னைச் சிரிக்க வச்சுட்டுப் போனாங்க. இப்படிச் சிரிக்கிறவங்களுக்கு என்ன பெருசா இருந்துடப் போகுதுன்னு நினைச்சுட்டேன்” என்றார். அந்தப் பாராட்டுப் பலகையைப் படித்துத் தானும் நிம்மதி அடைந்ததாகச் சொன்னார். நான் கொண்டுபோன சொற்களில் பாதியைச் சொல்லாமலே திரும்பினேன். இறப்புச் சான்றைத் திருத்த அவரே விண்ணப்பித்திருக்கிறார். அவர் மீது நடவடிக்கை எடுக்குமாறு நான் கோரவில்லை. அவரை மாற்றினால் அந்த நாற்காலியில் வேறொருவர் அதே வரிசையைப் பார்த்து உட்காருவார்.

12. இந்நிலையில், தவறவிடப்பட்ட நோய் ஏதும் இல்லை என்று ஆய்வு காட்டுவதால், ஸ்கேன் இயக்குபவரின் வாராந்திர வருகை வரும் மாதம் முதல் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. கிடைத்த அந்த ஒரு நாளும் போகிறது. எங்கள் தெருவில் வெற்றிலைப் பெட்டி வைத்திருப்பதுபோல் வாயு மாத்திரை வைத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வெறும் வாயுதான் இருக்கும். யாருக்கு அப்படி இல்லை என்பதை எதைக் கொண்டு அறிவது?

13. ‘மீண்டும் வரவில்லை’ என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. காத்திருப்போர் அறையில் எங்களோடு பேசிப் பழகிய ஒரு பள்ளிச் சமையல் அம்மாவின் நினைவு வந்தது. அவருக்கும் இதே உப்பல், இதே மாத்திரை. அவரையும் பல மாதங்களாக அங்கே காணவில்லை. அவர் வேலை செய்த பள்ளியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கணவர் கதவைத் திறந்தார். “அம்மா இருக்காங்களா?” என்றேன். “உங்களுக்கு யாரும் சொல்லலை போல. அவ போய் மாசக்கணக்காச்சு” என்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எந்த நோய் என்று கடைசிவரை அவருக்கு யாரும் சொல்லவில்லையாம். புற்றுநோய்தான் என்று நானும் சொல்ல முடியாது, எனக்குத் தெரியாது. அவரும் குணமானவர் கணக்கில்தான் இருப்பார் என்று மட்டும் நினைக்கிறேன்.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு தங்களை மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன். பூட்டிய தொகுப்பைத் திறந்து, அக்காவை அவருக்கு வந்த நோயோடு அதில் சேர்க்க வேண்டும். திரும்பி வராத பெண்கள் அனைவரின் விவரத்தையும் இறப்புப் பதிவோடு ஒப்பிட வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கு ஒரு செவிலியரை அனுப்பி, இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். அது முடியும்வரை ஸ்கேன் சேவையை நிறுத்தக் கூடாது. ஒரே தொல்லைக்குத் திரும்பத் திரும்ப வரும் பெண்ணுக்குக் கர்ப்பிணி அல்ல என்ற காரணத்தால் அந்த அறையின் கதவு அடைபடக் கூடாது. அந்தப் பலகையைக் கழற்றிவிட வேண்டும். மருத்துவர் அம்மையாரும் அதையே விரும்புகிறார். மேலிடத்து உத்தரவு இல்லாமல் அவரால் தொட முடியவில்லை.

பரிசோதனை முடிவின் நகலும், என் கணவரின் அனுமதிக் கடிதமும் இத்துடன் உள்ளன. மேலும் விவரம் தேவைப்பட்டால் பயிற்சிப் பள்ளியின் தொலைபேசியில் அழைக்கலாம். அந்த இணைப்பை நாங்கள் இன்னும் எடுக்கவில்லை. கார் ஓட்டப் படிக்க வேண்டும், டீச்சர் இருக்கிறாரா என்று கேட்டு இப்போதும் பெண்கள் அழைக்கிறார்கள். மணி அடித்தால் என் கணவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். தாங்கள் எந்த நேரத்தில் அழைத்தாலும் நான் எடுப்பேன்.

இடம்: பேருந்து நிலையப் பின்தெரு
நாள்: மார்ச் 9

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பிரேக் டீச்சரின் தம்பி மனைவி